கடினமான பாடம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்!

(திண்டிவனத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாவது தேறிய மகள், "நான் நர்ஸுக்குப் படிக்கிறேன், டாக்டருக்குப் படிக்கிறேன்" என்றால் நம் வீடுகளில் என்ன பதில் வருகிறது? "பௌதிகமும் ரசாயனமும் நமக்கு ஏறாதம்மா, சுலபமான குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்துகொள்" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் நம் கையாலேயே கதவைச் சாத்துகிறோம்.

மரக்காணத்தை மறந்துவிட்டீர்களா? 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு புதுவைக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் ஓடினார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். செத்தவர்களில் மிராசுதார் உண்டா? ஆலை முதலாளி உண்டா? உழைத்துக் களைத்த ஜனங்களே செத்தார்கள்.

அந்தச் சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். குடிக்கும் சாராயத்தில் இரண்டு கார்பன் அணு. மெத்தனாலில் ஒன்றே ஒன்று. அந்த ஓர் அணு வித்தியாசத்தில்தான் எமன் இருக்கிறான். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அமிலம் ரத்தத்தில் ஏறுகிறது, கண் நரம்பு கருகுகிறது, மூச்சு வாங்குகிறது. கல்லீரல் அப்படி மாற்றாமல் தடுக்க மருந்து உண்டு. ரத்தத்தைச் சுத்தம் செய்ய டயாலிசிஸ் உண்டு. ஆனால் நேரம் போனால் பார்வை போகும், உயிரும் போகும்.

ராத்திரி டியூட்டியில் இருக்கும் நர்ஸ், "கண் மங்குது" என்ற வார்த்தையைக் கேட்டதும் டாக்டரைக் கூப்பிட ஓட வேண்டும். ரசாயனம் புரிந்து படித்தவள் ஓடுவாள். படிக்காதவள், "போதை தெளிந்தால் சரியாகிவிடும்" என்பாள்.

இன்னொன்று. 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை? சுமார் 21. இந்தக் கணக்கு தப்பினால் போவது மார்க்கு மட்டுமா?

தோழர்களே! தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு 2017-ல் நீட் வந்தது. பணம் கட்டித் தனிப்பயிற்சி பெறுகிறவனுக்கே அது தோதாக இருக்கிறது. அதனால் எதிர்க்கிறோம். ஆனால் நீட் வேண்டாம் என்றால் விஞ்ஞானமே வேண்டாம் என்று அர்த்தமா? ஒருக்காலும் இல்லை!

ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தரும் சட்டம் 2020-ல் வந்தது. நல்லது. ஆனால் இடம் கிடைத்த முதல் வருஷமே உடற்கூறு, உடலியங்கியல், உயிர் ரசாயனம் மூன்றும் மலைபோல் எதிரே நிற்கும். அங்கே கைகொடுப்பது பள்ளியில் போட்ட அஸ்திவாரந்தான்.

பாடம் கடினமாக இருப்பது குற்றமில்லை. உபாத்தியாயர் இல்லாத வகுப்பும், பூட்டிக் கிடக்கும் சோதனைச்சாலையுமே குற்றம். ஆகவே நம் கோரிக்கை "பாடத்தைக் குறை" என்பதாக இருக்கக் கூடாது. "ரசாயனத்துக்கும் உயிரியலுக்கும் உபாத்தியாயரைப் போடு! சோதனைச்சாலையைத் திற!" என்பதே கோரிக்கை.

அடுத்த வாரம் கூலி வாங்கிய கையோடு பத்துப் பேராகச் சேர்ந்து உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். என்ன குறை இருக்கிறது என்று கேளுங்கள். எழுதி மனுக் கொடுங்கள். சங்க அலுவலகத்தில் மாலை நேரத்தில் விளக்குப் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்.

களத்துமேட்டிலும் ஆலையிலும் நாம் பார்க்காத கடினமா? நம் பிள்ளைகளுக்கு ஏறும் தோழர்களே, ஏறும்!