ஒரு மரம், மூன்று தைலங்கள்

கறுவா மரத்தின் இலையொன்றைக் கசக்கி முகர்ந்தால் கராம்பின் மணம் வீசும். அதே மரத்தின் பட்டையை முறித்து முகர்ந்தால், கறி வகைகளுக்கும் இனிப்புப் பண்டங்களுக்கும் சுவையூட்டும் கறுவாவின் மணம் எழும். வேரின் தோலைச் சுரண்டிப் பார்த்தாலோ கற்பூரத்தின் மணம் மூக்கைத் துளைக்கும். ஒரே மண்ணில் வேரூன்றி, ஒரே மழையில் நனைந்து வளரும் மரம் ஒன்று, தன் உறுப்புகள் மூன்றிலும் வெவ்வேறு மணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விந்தைதான் என்னே! இவ்விந்தையின் காரணத்தை ஆராய்வது அறிவுக்கு விருந்தாவதோடு, வீட்டிலே மருந்துப் போத்தலைக் கையாளுகின்ற ஒவ்வொருவருக்கும் பயன் தருவதுமாகும்.

இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்திலே, நீர்கொழும்பு தொடங்கிக் காலி, மாத்தறை வரையிலும் கறுவா பயிராகின்றது. பட்டையை உரித்தெடுத்த பின்னர் எஞ்சும் இலைகளும் வீணாவதில்லை. அவற்றைக் கொப்பரையில் இட்டு நீராவியைச் செலுத்துவர். இலையிலுள்ள தைலம் நீராவியோடு கலந்து குழாய்வழியே சென்று, குளிர்ந்த நீரினூடாகச் செல்கையில் மீண்டும் திரவமாகிக் கலத்திலே சேரும். கறுவாத் தைலத்தின் முக்கிய கூறுகள் தனித்து நின்றால் 240 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேதான் கொதிக்கும். ஆயினும், நீராவியின் துணைகொண்டு 100 பாகைக்கும் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே அவை வெளிவந்துவிடுகின்றன. இதனால் அவை கருகிச் சிதைவதில்லை. பெரும்பாலான தைலங்கள் நீரின்மேல் மிதப்பவை. கறுவாத் தைலமோ நீரினும் பாரமானது. ஆதலின் கலத்தின் அடியிலே தங்கும்.

இவ்வாறு பெறப்படும் தைலங்களின் இயல்பு யாது? பட்டைத் தைலத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி சினமல்டிகைட்டு என்னும் பொருளாகும். 9 காபன் அணுக்களும், 8 ஐதரசன் அணுக்களும், 1 ஒட்சிசன் அணுவும் சேர்ந்தமைந்தது அதன் மூலக்கூறு. பிரெஞ்சு இரசாயன அறிஞர்களான டூமா, பெலிகோ ஆகிய இருவரும் 1834 ஆம் ஆண்டிலே இதனைத் தனியே பிரித்தெடுத்தனர். இலைத் தைலத்திலே 100 பங்கில் ஏறக்குறைய 70 பங்கோ அதற்கு மேலோ இயூஜினோல் ஆகும். கராம்புக்கு மணம் தருவதும் இதுவே. வேர்ப்பட்டைத் தைலத்திலே மிகுந்திருப்பது கற்பூரம். மணங்கள் மூன்றாகப் பிரிந்ததன் காரணம் இப்பொழுது விளங்கும். கொழும்பிலே 1955 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகத்திலே பணியாற்றிய அறிஞர் ஆர். ஓ. பி. விஜயசேகர, கறுவாவின் இரசாயனத்தையும் தொழினுட்பத்தையும் பற்றிய விரிவான கட்டுரையொன்றை 1978 ஆம் ஆண்டிலே வெளியிட்டார்.

இனி, இத்தைலங்கள் நோய்க்கிருமிகளை எவ்வாறு தாக்குகின்றன என்பதைக் காண்போருக்கு, அதன் வரலாறும் சுவையுடையது. பாஸ்டரின் உதவியாளராக விளங்கிய சாம்பர்லாந்து என்பவர், பலவகைத் தைலங்களின் கிருமியெதிர்ப்பு ஆற்றலை ஆராய்ந்து 1887 ஆம் ஆண்டிலே முடிவுகளை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தவற்றுள் கறுவாத் தைலமும் ஒன்று. பெனிசிலின் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த ஆராய்ச்சி இது.

பற்றீரியா என்பது ஒரேயொரு கலத்தாலான உயிர். அக்கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வு கொழுப்புப் பொருளாலும் புரதத்தாலும் ஆனது. நீரில் எளிதிற் கரையாத தைலம் கொழுப்பிலே எளிதிற் கரையும். ஆகவே இயூஜினோலின் மூலக்கூறுகள் அம்மென்சவ்வினுட் புகுந்து அதன் கட்டைத் தளர்த்துகின்றன. வேலி சிதைந்த தோட்டத்தின் நிலை அதற்கு நேர்கின்றது. உள்ளிருக்க வேண்டிய பொற்றாசியம் போன்றவை வெளியே கசிகின்றன. சினமல்டிகைட்டோ இதனோடு அமையாது, கிருமியின் புரதங்களோடு தானே இணைந்து அவற்றின் தொழிலைக் குலைக்கின்றது. எனினும் எல்லாப் பற்றீரியாக்களும் ஒரே அளவில் அடங்குவதில்லை. சிலவற்றுக்கு மென்சவ்வின் புறத்தே மற்றுமோர் உறை உண்டு. அவ்வுறை தைலத்தை ஓரளவு தடுத்து நிறுத்துவதால், அவ்வகைப் பற்றீரியாக்கள் பொதுவாக அதிகம் தாக்குப்பிடிக்கின்றன.

இவ்வாற்றல் நடைமுறையிலும் பயன்படுகின்றது. இயூஜினோலையும் நாக ஒட்சைட்டையும் குழைத்துப் பல்லின் குழியைத் தற்காலிகமாக அடைக்கும் முறையைப் பல் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அது பல்லின் நோவையும் தணிக்கும். ஓமத்திலுள்ள தைமோல் வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலே சேர்க்கப்படுகின்றது.

அவ்வாறாயின் கறுவாத் தைலத்தைக் குடித்து உடலினுள்ளே இருக்கும் கிருமிகளைக் கொன்றுவிடலாமே என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றலாம். அண்மைக் காலத்திலே இத்தகைய புகழ்ச்சியோடு சிறு போத்தல்களும் விற்பனைக்கு வருகின்றன. இங்கேதான் நிதானம் வேண்டும். ஆய்வுகூடத் தட்டிலே வளரும் கிருமியின்மேல் தைலம் நேரடியாகப் படுகின்றது. உடம்பினுள்ளே நிகழ்வது வேறு. உட்கொள்ளப்பட்ட சினமல்டிகைட்டை உடல் விரைவில் ஒட்சியேற்றிச் சினமிக்கு அமிலமாக்குகின்றது. அது பின்னரும் மாற்றமடைந்து, பெரும்பாலும் இப்பூரிக்கு அமிலமாகச் சிறுநீருடன் கழிந்துவிடுகின்றது. கிருமியை அடைய வேண்டிய பொருள் வழியிலேயே உருமாறிப் போனபின், தட்டிலே கண்ட வெற்றியை உடலிலும் எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

அளவும் கருதத்தக்கது. 100 கிலோ பட்டையை வடித்தால் கிடைக்கும் தைலம் 1 கிலோவை ஒட்டியதாகவோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும். ஆகவே ஒரு தேக்கரண்டித் தைலத்திலே அடங்கியிருப்பது ஏறக்குறைய அரைக் கிலோ பட்டையின் சாரம். கறிக்கு ஒரு துண்டுக் கறுவாவை இடும் எந்தத் தாயும் அரைக் கிலோவைக் குழந்தைக்கு ஊட்ட ஒருப்படமாட்டார். ஆயினும், "மூலிகைதானே, தீங்கில்லை" என்ற நம்பிக்கையிலே அவரே தைலத்தைக் கரண்டியில் வார்த்துவிடக்கூடும். இயூஜினோல் மிகுந்த தைலத்தைக் குடித்த குழந்தைகளின் ஈரல் பழுதடைந்ததுண்டு. கற்பூரத்தை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்புக் கண்டதுண்டு. பட்டைத் தைலம் நீர்க்காது பூசப்பட்டால் தோல் எரிந்து புண்படும். தற்செயலாகக் குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாமல், போத்தலையும் கையோடு கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைவதே செய்யத்தக்கது.

பெயரினாலும் ஓர் இடர் விளைகின்றது. இலைத் தைலத்தின் விலை குறைவு. பட்டைத் தைலத்தின் விலை பன்மடங்கு அதிகம். இரண்டும் "கறுவாத் தைலம்" என்னும் ஒரே பெயரால் வழங்கக்கூடும். பட்டைத் தைலத்திலே இலைத் தைலத்தைக் கலந்து விற்பாரும் உளர். வாயு நிறப்பகுப்பு என்னும் முறையினாலே இயூஜினோலின் அளவைக் கண்டு அக்கலப்படத்தை ஆய்வுகூடத்தார் வெளிப்படுத்துவர். எந்த உறுப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிக்கப்படாத போத்தலிலே இருப்பது எது என்பதை, வாங்குபவர் அறிய வழியில்லை.

முன்னோர் கறுவாவைக் கசாயமாகக் காய்ச்சியபோது பட்டையின் சாரத்தில் ஒரு சிறு பகுதியே நீரில் இறங்கிற்று. அவர்களின் அனுபவம் அந்த அளவுக்கு உரியது. வடித்தெடுத்த தைலத்துக்கு அதனைச் சான்றாகக் காட்டுவது முறையன்று. காய்ச்சல் தணியாத குழந்தையை வைத்தியரிடம் கொண்டுசெல்லும் நேரத்தைத் தைலப் போத்தலை நம்பி ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அது பெருந்தீங்காக முடியலாம். கறுவாவின் பட்டை அடுக்களையிலே இருக்கட்டும். அதன் தைலமோ, பெயரும் அளவும் தெளிவாக எழுதப்பெற்று, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்திலே இருக்கட்டும்.