வீதி எமதாயின் வரிப்பணமும் எமதாக வேண்டும்



கட்டுக்கரைக் குளத்து நீரை வயலுக்குப் பாய்ச்சும் மக்களுக்கு நியாயம் இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எவர் காணிக்கு நீர் பாய்கின்றதோ அவரே வாய்க்காலைத் துப்புரவு செய்தல் வேண்டும். காணி எவ்வளவோ, வேலைப் பங்கும் அவ்வளவு. இப்பழைய முறையை வீதிக்கும் பொருத்திப் பாருங்கள் என்று கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

மன்னாருக்கு வந்த பெரும் பாதைகளை நினைத்துப் பாருங்கள். 1914ஆம் ஆண்டில் தலைமன்னார் வரை புகையிரதம் ஓடியது, இந்தியாவையும் கொழும்பையும் இணைப்பதற்காக. 1990இல் போரினால் அறுந்த அப்பாதை, இந்தியக் கடனுதவியால் மீண்டெழுந்து 2015 மார்ச் மாதத்தில் தலைமன்னாரைத் தொட்டது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் ஜப்பானின் உதவியால் 2010இல் திறக்கப்பட்டது. இவற்றுக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் வயலிலிருந்து சந்தைக்கும், மீன் இறங்கும் கரையிலிருந்து பெருவீதிக்கும், புகையிரத நிலையத்திலிருந்து வீட்டு வாசலுக்கும் உள்ள வழியை எந்த அயல்நாடு வந்து போட்டுத் தரும்? அதற்குரிய பணம் எங்கே?

பணம் இங்கே விளையாமல் இல்லை. மறிச்சுக்கட்டியில் 1905ஆம் ஆண்டில் நடந்த முத்துக்குளிப்புப் பெருஞ்செல்வம் தந்தது. அரசின் பங்கு கொழும்புத் திறைசேரிக்குச் சென்றது. இன்று முத்துக்குப் பதில் காற்று. தீவின் தென்கரையில் 30 கோபுரங்களுடன், 103.5 மெகாவாட் வலுவுள்ள காற்றாலை நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அக்கோபுரங்கள் நிற்கும் ஊரின் வீதிக்கும் அவ்வருவாயில் ஒரு பங்கு உரியது என்று கேட்பது குற்றமாகுமா?

வரி என்றவுடன் அஞ்சுகின்றீர்கள். அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், இன்றேல் மூன்று ஷிலிங் செலுத்த வேண்டும் என்று விதித்தது. செல்வனுக்கும் கூலியாளுக்கும் ஒரே தொகை! அவ்வாண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணம். தலைக்கு வரி விதிப்பது அநீதி. பெற்ற நன்மைக்கு வரி விதிப்பதே நீதி.

இலண்டன் மாநகரைப் பாருங்கள். நகரை ஊடறுக்கும் புதிய புகையிரதப் பாதையின் செலவில் ஒரு பகுதிக்காக, 2010 முதல் வணிகக் கட்டடங்கள் மீது மேல்வரி விதித்தார்கள். மதிப்பீட்டில் பவுண் ஒன்றுக்கு 2 பென்ஸ். தொடக்கத்தில் 55,000 பவுணுக்கு மேல் மதிப்பிடப்பட்ட கட்டடங்கள் மட்டுமே அவ்வரியைச் செலுத்தின. சிறு கடைகள் விலக்கப்பட்டன. 2022 மே மாதத்தில் அப்பாதை திறக்கப்பட்டது.

மன்னார் இலண்டன் அன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் நியாயம் ஒன்றே. இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மீண்டும் கப்பல் விடுவது பற்றி 2023 யூலையில் இரு அரசுகளும் கூட்டாக அறிவித்தன. அக்கப்பல் ஓடுமாயின் துறையை அடுத்த காணிகளின் விலை உயரும். அவ்வுயர்வு எவருடைய உழைப்பு? பொதுப்பணத்தின் பயன் அது. அதில் ஒரு பங்கு பொதுமக்களுக்கே திரும்புதல் வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இது. துறையையும் நிலையங்களையும் பெருவீதிச் சந்திகளையும் சூழ எல்லை வரைந்து, சிறப்பு வரி வலயம் அமைக்கப்படட்டும். தொடங்கும் ஆண்டின் காணிவிலை பதிவாகட்டும். அதற்கு மேல் உயர்ந்த தொகையில் மட்டும் ஒரு சிறு பங்கு, காணி விற்கப்படும்போதோ விடுதியும் களஞ்சியமும் எழும்போதோ பெறப்படட்டும். அப்பணம் தனிக் கணக்கில் இருந்து, அவ்வலயத்து வீதிக்கும் பேருந்துக்குமே செலவாகட்டும். கணக்கு ஆண்டுதோறும் சபை வாசலில் ஒட்டப்படட்டும்.

விதைக்கும் வயலும், குடியிருக்கும் வீடும், மீனவர் வாடியும் விலக்கப்படல் வேண்டும். போரில் இடம்பெயர்ந்து உறுதியையும் இழந்து திரும்பிய தமிழரும், 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரரும் வாழும் மண் இது. வரிப் பாக்கிக்காக அவர்தம் காணி ஒரு பரப்பேனும் ஏலத்துக்குப் போகுமாயின், அவ்வரியை எதிர்ப்பதில் நாமே முன்னிற்போம். வராத வருவாயை நம்பிக் கடன் வாங்குவதும் கூடாது. சேர்ந்த பணத்துக்கு ஏற்ற வேலையே செய்யப்படல் வேண்டும். வலயம் அமைந்ததைக் காட்டி அரசு தன் கடமையைக் கைகழுவவும் இடங்கொடோம்.

இதற்குச் சட்டம் வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டம் கட்டடங்கள் செறிந்த இடங்களில் ஆதன வரி அறவிட இடமளிக்கின்றது; அது மட்டும் போதாது. மாகாணத்தின் வரி அதிகாரமும் துணைசெய்தல் வேண்டும். ஆனால் 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. எம்மால் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லாதபோது எம் பெயரால் வரி கேட்பவர் எவர்? ஆதலின் வீதிக் கோரிக்கையும் தேர்தல் கோரிக்கையும் வேறு வேறு அல்ல.

எமது வாய்க்காலை நாமே வெட்ட ஆயத்தமாக இருக்கின்றோம். ஆனால் அதில் வரும் நீர் எமது வயலுக்கே பாய்தல் வேண்டும்.