முழுத் திருப்தி என்று எழுதி வாங்கிய காகிதம்



வண்டியைக் கெடுத்த ஒர்க்‌ஷாப்போடு பேசித் தீர்ப்பதா, வழக்குப் போடுவதா? எதிரணியில் பேசிய அம்மா சொன்னார்கள்: நம் புதுச்சேரி சின்ன ஊர், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குப் போனால் அதே மெக்கானிக் முகத்தில்தான் விழிக்கணும், பேசி முடியுங்கள் என்று. மரத்தடியில் பஞ்சர் ஒட்டி, சாயங்காலம் அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் ஒரு நட்டைச் சரியாக முடுக்கவில்லை என்றால் நானும் பேசித்தான் தீர்ப்பேன். அவர் தப்பை ஒப்புக்கொண்டு மறுபடி கை வைப்பார். நான் கேள்வி கேட்பது அவரை அல்ல. ஜாப் கார்டு போட்டு, ஜிஎஸ்டி பில் கொடுத்துவிட்டு, தப்பு வெளியே வந்ததும் கடல்காற்றின் மேல் பழி போடுகிற இடங்களை.

எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பா காரை ஆயில் சர்வீஸுக்கு விட்டு எடுத்தார். மறுநாள் காலை அம்மாவை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் கிளம்பினார். கிளியனூர் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. வண்டியை இழுத்துப் போக வந்த பையன் அடியில் படுத்து, கீழ்த் தகட்டுக்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு போல்ட்டை எடுத்தான். ஆயில் வடிக்கிற போல்ட். மரை ஒன்றுகூடச் சிதையவில்லை. "பிச்சிக்கிட்டு வந்திருந்தா மரை போயிருக்கும் சார். இதைக் கையால திருகி விட்டிருக்காங்க, ஸ்பேனரே போடல" என்றான்.

ஒர்க்‌ஷாப்பில் முதல் பதில்: "பழைய வண்டி சார், உப்புக்காத்து, துரு." போல்ட்டை மேசையில் வைத்ததும் குரல் இறங்கியது. டீ வந்தது. "நமக்குள்ள எதுக்கு சார், ஐயாயிரம் தர்றோம்" என்றார்கள். பின்னாலேயே டைப் அடித்த காகிதம் ஒன்று வந்தது. முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. அப்பா சங்கடப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது செலவு அறுபதாயிரத்தைத் தாண்டியது. திரும்பப் போனோம். அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார்கள். அவர்களிடம் கையெழுத்து இருந்தது. எங்களிடம் ஒரு வரி இல்லை.

நடுவர் அவர்களே, எதிரணி சமரசம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த டீயும் இந்தக் காகிதமும்தான். அதில் அப்பாவுக்கு மட்டுமா நஷ்டம்? அடுத்த நாள் அதே லிஃப்ட்டில் ஏறிய வண்டிக்காரருக்கு எதுவும் தெரியாது. எங்கேயும் பதிவாகாத தப்பு நடக்காத தப்பு ஆகிவிடுகிறது.

கோர்ட்டுப் படி ஏறாதே என்று பெரியவர்கள் சொன்னது சிவில் வழக்கில் சொத்தே கரைந்த காலத்தில். 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே நின்று பேசலாம். ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கெடு 2 ஆண்டு. எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் பதில் போட்டே ஆகணும். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. தோற்றவர்கள் மேல்முறையீடு என்று இழுத்தடிக்கவும் முடியாது, தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போகணும். மூன்று மாதத்தில் முடியணும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் அதைவிட நாளாகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நாட்களில் நீங்கள் யாரிடமும் கெஞ்சிக்கொண்டு நிற்பதில்லை.

இன்னொன்று. சமரசம் வேண்டும் என்பவர்களும் முதலில் வழக்குப் போடுங்கள் என்கிறேன். ஆணையமே இரு தரப்பின் சம்மதத்தோடு சமரச மையத்துக்கு அனுப்பும். அங்கே பேசி முடிவதை ஆணையம் உத்தரவாகப் பதிவு செய்யும். மீறினால் சிறைவரைக்கும் வழி இருக்கிறது. டீக்கடைச் சமரசத்தை மீறினால் என்ன செய்வீர்கள்?

வழக்கு நம் ஊருக்குப் புதிதா? பிரெஞ்சு கம்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்பப் பிள்ளையை 1716-ல் கவர்னர் எபேர் பிடித்துப் போட்டார். சாட்டையடி, சொத்துப் பறிமுதல், சிறை. மறு ஆண்டு சிறையிலேயே உயிர் போனது. போனது போகட்டும் என்று மகன் குருவப்பர் இருந்திருக்கலாம். அவர் கப்பலேறி பாரீசு வரைக்கும் போய் முறையிட்டார். தண்டனை ரத்தானது, அவர் செவாலியே பட்டத்தோடு திரும்பினார். அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். நமக்கு இன்று வீட்டிலிருந்து ஆன்லைனிலேயே புகார் போட வசதி இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டால் வழியும் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள், இங்கே வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தை ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்குங்கள். வண்டி நின்றால், வேறு யாரும் கை வைப்பதற்கு முன் படம் எடுங்கள். இரண்டாவது மெக்கானிக் வாயால் சொல்வதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். இந்த மூன்றில் ஒன்றையும் நாங்கள் செய்யவில்லை. இந்த போல்ட்டை மட்டும் அப்பா தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்.

இதோ, நடுவர் மேசையில் வைக்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் மரையை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள் ஐயா.