காசநோயும் உயிருணரியும்



தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் பலர் நினைவுக்கு வருவது, 1911இல் இங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையே. அதனால் ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. நோய் இழிவாகப் பேசப்பட்டால் நோயாளி மறைந்துகொள்வார் என்பதை இவ்வூரார் நன்கறிவர். காசநோயின் கதையும் அதுவே.

1882 மார்ச் 24ஆம் நாள் காசக் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் அறிவித்தார். நுண்ணோக்கிச் சோதனை இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகள் இருந்தால்தான் அதில் நோய் தெளிவாகத் தென்படும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை நுட்பமானது. விடைக்கோ வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2010இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மரபணுச் சோதனை இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும். ஆனால் அதன் கருவி விலைமிக்கது.

இவ்விடைவெளியை நிரப்ப முயல்வதே உயிருணரி. அதில் இரு கூறுகள் உண்டு: கிருமியின் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்று, அப்பற்றுதலை மின்குறியாக மாற்றும் மின்முனை மற்றொன்று. காசக் கிருமி சுரக்கும் புரதங்களை உணரும் இத்தகைய பொன் மின்முனை ஒன்றைப் பற்றி, புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஆய்வுரை வெளியிட்டனர்.

தூய கரைசலில் செம்மையாக இயங்கும் உணரி சளியில் தடுமாறுவதுண்டு. சளியின் பசைத்தன்மை அதற்கு இடையூறு. பிற புரதங்களும் மின்முனையில் ஒட்டிப் பொய்க்குறி காட்டும். வெப்பத்தில் எதிர்ப்பொருள் திறன் இழக்கும். சிறு குழந்தைகளுக்கோ சளியை வெளிக்கொணரவே இயலாது. இவற்றைக் கடந்தால்தான் ஆய்வகக் கருவி சிற்றூர் மருந்தகத்தை எட்டும்.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்துண்போரும் மருத்துவமனையில் தங்குவோர்க்கு ஈடாகக் குணமடைவர் என்று காட்டியது. மருத்துவம் வீட்டுக்கு வந்தது. நோயறிதலும் அவ்வாறே வரவேண்டும்.

எனினும் உணரி குறைப்பது ஆய்வகத் தாமதத்தை மட்டுமே. வெட்கத்தால் வரும் தாமதத்தைக் குறைக்க வேண்டியவர்கள் நாம். இரண்டு வாரம் நீடிக்கும் இருமலுக்குச் சோதனை தேவை. முறையாக மருந்துண்டால் காசநோய் குணமாகும். இவ்விரண்டையும் தெளிந்த தமிழில் வகுப்பறைதோறும் சொல்வோம். இருமுகிறவர் அஞ்சாமல் மருந்தகப் படியேறினால்தான் எந்த உணரிக்கும் பயனுண்டு.