நர்ஸின் தர்மமும் நமது கடமையும்

(காக்களூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தத் தொழிற்பேட்டையில் மெஷினில் கை போனாலும், வயலில் பாம்பு தீண்டினாலும் நாம் திருவள்ளூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுகிறோம். அங்கே இராப்பகலாக நம் பக்கத்தில் நிற்பவர் நர்ஸ். அவர் தொழிலுக்கு ஒரு தர்மம் உண்டு. அதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் 1953-ல் இதற்கு விதிகள் வகுத்தது. பின்னர் பலமுறை திருத்தியும் இருக்கிறது. நர்ஸ் தர்மத்தைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: நோயாளியிடம் சாதி, மதம், பணம் பார்க்கக் கூடாது. எதற்காக ஊசி என்று சொல்லி, சம்மதம் பெற்றே போட வேண்டும். நோயாளியின் ரகசியத்தை, கம்பெனி சூப்பர்வைசரே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. தவறு நேர்ந்தால் மறைக்கக் கூடாது.

இந்தத் தர்மத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் 1973 நவம்பரில் அருணா ஷான்பாக் என்ற 25 வயது நர்ஸை அங்கே வேலை செய்த ஒருவனே கொடூரமாகத் தாக்கினான். மூளை பாதிக்கப்பட்டு, படுத்த படுக்கையானார். 2015 மே மாதம் இறக்கும் வரை, ஏறக்குறைய 42 ஆண்டு, அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்களே அவருக்கு உணவூட்டினார்கள், குளிப்பாட்டினார்கள். அவர் உடம்பில் படுக்கைப்புண் இல்லை என்பதை 2011-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே எடுத்துச் சொன்னது. 1980-களில் அவரை வெளியேற்றிப் படுக்கையைக் காலி செய்ய முயற்சி நடந்தபோது, அதே நர்ஸ்கள் போராடித் தடுத்தார்கள். அங்கே போராட்டமும் பணிவிடைதான்!

படுக்கைப்புண் வராமலிருக்க, அசைய முடியாதவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிட வேண்டும். இராத்திரி வார்டில் ஒரே நர்ஸ், புரட்ட வேண்டியவர் பத்துப் பேர் என்று வையுங்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் நூறு நிமிஷம். மிச்சம் இருபது நிமிஷத்தில் மற்ற எல்லோருக்கும் ஊசி, மருந்து, குளுக்கோஸ்! இதில் தர்மம் எங்கே நிற்கும்? மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. திருவள்ளூரில் 2022-ல் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. இந்தக் கணக்கை அங்கே கேட்பது நம் உரிமை.

நமது மாநிலத்தில் ஒப்பந்த நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு உழைத்தார்கள். வேலையை நிரந்தரமாக்கக் கோரி 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். "நர்ஸ் வேலைநிறுத்தம் செய்யலாமா?" என்று சிலர் கேட்டார்கள். நாம் சொல்கிறோம்: அவசரப் பிரிவைக் கைவிடக் கூடாது, அது தர்மம். ஆனால் அரை வயிற்றோடு, ஆள் பற்றாக்குறையோடு வேலை வாங்கிவிட்டு, தர்மத்தை நர்ஸுக்கு மட்டும் உபதேசிப்பது என்ன நியாயம்?

நமக்கும் கடமை உண்டு, தோழர்களே. தாமதமாகிவிட்டது என்று வார்டில் நர்ஸ்மீது பாய்கிறோம். ஆள் போடாதது அவர் குற்றமா? அவரும் நம்மைப் போல் ஷிப்டு பார்க்கும் தொழிலாளிதானே! அவரிடம் மரியாதையாகப் பேசுவோம். "இது என்ன மருந்து?" என்று தயங்காமல் கேட்போம். கூடுதல் நர்ஸ் வேண்டும் என்று நம் சங்கங்களில் தீர்மானம் போட்டுச் சர்க்காருக்கு அனுப்புவோம்.

நர்ஸுக்காகக் கேட்பது, நாளை அந்தக் கட்டிலில் படுக்கப் போகும் நமக்காகக் கேட்பதுதான்!