வாசலும் வீடுதான்



வீடு வாங்குவதைப் பற்றிப் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். வீட்டை விற்பதைப் பற்றி அதிகம் பேச்சே எழுவதில்லை. விற்பது என்றாலே குடும்பம் நொடித்துவிட்டது என்று எண்ணுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. வயதான பெற்றோருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. மகளின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்படுகிறது. இப்படி நல்ல காரணங்களுக்காகவும் ஒரு வீடு கைமாறுவதுண்டு. அந்த வேளையில் வீட்டுக்கு உரிய விலை கிடைக்க வேண்டும் அல்லவா? அதற்கு வீட்டின் வெளிப்புறத்தை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இது நமக்குச் சிறிய விஷயமல்ல. தோட்டத்து லயத்தில் வேலை உள்ளவரைதான் வீடு. வேலை நின்றால் வீடும் நின்றது. இன்று ஷா ஆலாம் நகரம் இருக்கும் மண் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா இருக்கும் மண் பிராங் புசார் தோட்டம். அந்த மண்ணெல்லாம் கம்பெனிகளின் பெயரில் இருந்தது. பால் வெட்டியவர்களின் பெயரில் இருக்கவில்லை. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் கிள்ளானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ஊழியர் சேமநிதியைக் கொண்டும், வங்கிக் கடனைக் கொண்டும் தாமான் வீடுகளை வாங்கின. பல குடும்பங்களுக்கு அந்த ஒரு வீடுதான் முழுச் சொத்து. அதை அவசரத்தில் பத்தாயிரம் இருபதாயிரம் வெள்ளி குறைத்துக் கொடுத்துவிட்டால், இழப்பது பாட்டன் காலத்திலிருந்து சேர்த்த உழைப்பை.

சரி, வீடு வாங்க வருகிறவர் எதைப் பார்க்கிறார்? 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, எல்லாரும் வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். பத்தடி வாசலும் அதில் ஒரு மர நிழலும் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அன்று பலர் உணர்ந்தார்கள். செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், மிதிவண்டி ஓட்டுகிறவர்கள், காலையில் மலையேறப் போகிறவர்கள் ஆகியோர் அறைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. காற்று வருகிறதா, மண் இருக்கிறதா, உட்கார நிழல் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இங்கேதான் நம்மவர் ஒரு தவறான கணக்குப் போடுகிறார்கள். விற்பதற்கு முன் வாசலை அழகுபடுத்துவதாக நினைத்து, இருந்த மண்ணையெல்லாம் சிமெண்டு போட்டு மூடி, மேலே கூரையும் இறக்கிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகிறது. வீட்டுக்குள் வெளிச்சம் குறைகிறது. மழைநீர் இறங்க வழியில்லாமல் போகிறது. பசுமையை விரும்பி வருபவரோ கேட்டைத் தாண்டாமலே திரும்பிவிடுகிறார். ஆகவே முதல் பாடம் இதுதான்: இருக்கும் மண்ணை மூடாதீர்கள்.

அடுத்ததாக, துப்புரவு. உடைந்த நாற்காலி, பழைய டயர், ஓடாத மோட்டார் சைக்கிள், என்றாவது உதவும் என்று அடுக்கி வைத்த பலகைகள் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு பொருளும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். எனவே பூந்தொட்டியின் அடித்தட்டையும் கூரைத் தூம்பையும் வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். வீட்டில் கொசுப்புழு காணப்பட்டால் 1975ஆம் ஆண்டின் சட்டப்படி அபராதம் உண்டு. வாங்க வருகிறவர் கண்ணில் அது பட்டால், அபராதத்தை விடப் பெரிய நஷ்டம் நேரும்.

மூன்றாவது, செடிகள். இதில் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி மண்ணில் முருங்கையும் மரவள்ளியும் மிளகாயும் விளைவித்தவர்கள் நாம். அந்தக் கைவண்ணம் இங்கே காசாகும். புதிதாக விலையுயர்ந்த செடிகளை வாங்க வேண்டாம். இருக்கிற கறிவேப்பிலையைக் கவாத்து செய்யுங்கள். கூரையில் உரசும் மாங்கிளையை வெட்டுங்கள். காய்ந்த வாழை மட்டைகளை அகற்றுங்கள். வேலியோரம் செம்பருத்தியை ஒரே உயரத்தில் கத்தரித்துவிட்டால் அதுவே போதிய அழகு. பண்டான் இலையும் செரையும் ஒரு மூலையில் இருக்கட்டும். மலாய்க்காரரோ சீனரோ, எவர் வந்தாலும் அவை அவர்களுக்கும் தெரிந்த செடிகள். விற்பனைக்கு இரண்டு மாதம் முன்பே இவற்றைத் தொடங்கிவிட வேண்டும். நேற்று நட்ட செடி வந்தவரை ஏமாற்றாது. வாடிப்போய் நம்மையே காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, வாசல் எதற்குப் பயன்படும் என்பதை வந்தவர் கண்ணால் காணச் செய்வது. நிழலில் ஒரு பெஞ்சு போடுங்கள். சேற்றுக் காலணிகளை வைக்க ஓர் அடுக்கு, மிதிவண்டி நிறுத்த ஓர் இடம், கழுவுவதற்கு ஒழுகாத வெளிக்குழாய், துணி உலர்த்த நேரான கொடி இருக்கட்டும். 'காலையில் நடந்துவிட்டு வந்து இங்கே உட்காரலாம்' என்று அவர் மனம் சொல்லிவிட்டால், பாதி வியாபாரம் முடிந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டை இவ்வாறு ஒழுங்குபடுத்தித் தருவதையே தொழிலாகச் செய்கிறார்கள். நமக்கு ஒரு வார இறுதியும் குடும்பத்தாரின் கைகளும் போதும்.

வாசலில் துளசி மாடமோ சிறு சாமி மேடையோ இருந்தால், நமக்குத் தெரிந்த பூசாரியைக் கேட்டு, முறைப்படி எடுத்துப் புது இடத்தில் வையுங்கள். கடைசி நாள் வரை விட்டுவிட்டு வாங்கியவர் தலையில் அந்தச் சங்கடத்தைக் கட்டுவது முறையன்று.

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள், 'எங்களுக்கு ஏது வாசல்?' என்று கேட்கலாம். உங்கள் பால்கனிதான் வாசல். அங்கே அடுக்கியிருக்கும் சாமான்களை எடுத்துவிட்டு, நான்கு தொட்டிகளையும் ஒரு நாற்காலியையும் வைத்துப் பாருங்கள். தொட்டிகள் தரையில் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தால் கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து. வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதை பொதுச் சொத்து, அதைச் சேர்த்து விற்க முடியாது. ஆனால் 1880களில் உருவான ஏரிப் பூங்கா அருகில் இருப்பதை எடுத்துச் சொல்லலாம். அப்படியே பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவர் புக்கிட் காசிங் காட்டையும், ஷா ஆலாமில் இருப்பவர் அங்குள்ள தாவரவியல் பூங்காவையும், கிள்ளானில் இருப்பவர் தஞ்சோங் ஹராப்பான் கடலோரத்தையும் சொல்லலாம். கெப்போங்கில் ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920களிலிருந்து மரம் நட்டு வளர்த்த காட்டை 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. மரம் நட்ட மண்ணின் மதிப்பு உயரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டைக் காட்டும் நேரமும் முக்கியம். மேற்குப் பார்த்த வாசலைப் பிற்பகல் மூன்று மணிக்குக் காட்டினால் வெயில்தான் பேசும். காலை ஒன்பது பத்து மணிக்கோ, மாலை ஐந்துக்கு மேலோ வரச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரியது ஒன்று உண்டு. அழகுபடுத்துவது வேறு, மறைப்பது வேறு. ஒழுகும் சுவரின் மேல் சாயம் பூசுவது மறைப்பது. ஒழுகலை அடைத்துவிட்டுச் சாயம் பூசுவதுதான் அழகுபடுத்துவது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்ததை நாடே பார்த்தது. 'இங்கே தண்ணீர் ஏறியதா?' என்று வாங்குகிறவர் கேட்டால், ஏறியது என்றால் ஏறியது என்றே சொல்லுங்கள். எவ்வளவு உயரம் ஏறியது, பிறகு கால்வாயை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரும் நம்மைப் போலச் சேமநிதியைக் கொட்டி வாங்குகிறவராக இருக்கலாம். எல்லைக்கல்லுக்கு வெளியே, பின்சந்தில் நாம் நட்ட வாழையையும் நம் நிலமென்று காட்டக் கூடாது.

காகிதங்களையும் முன்கூட்டியே பாருங்கள். வீட்டை நீட்டிக் கட்டியிருந்தால் நகராண்மைக் கழகத்தின் அனுமதி இருக்கிறதா? மலிவு விலை வீடானால், மாநில அரசின் சம்மதமின்றி விற்கக் கூடாது என்று நிலப்பட்டாவில் நிபந்தனை இருக்கிறதா? தரகர் பதிவு பெற்றவரா என்று அவருடைய எண்ணைக் கேளுங்கள். விலையில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் அவர் கட்டணம் கேட்கக் கூடாது. குடிமக்கள் வாங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் லாபத்துக்கு வரி உண்டு. 2022 முதல், ஆறாம் ஆண்டிலிருந்து அந்த வரி இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை வரிவிலக்குப் பெறும் உரிமையும் உண்டு. கையெழுத்திடும் முன் படித்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒவ்வொரு தாளையும் படிக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது இதற்காகவும்தான்.

நேயர்களே, முதலில் வருகிற தரகர் வாசலில் நின்றபடியே, 'பழைய வீடு, இதற்கு மேல் போகாது' என்று ஒரு விலை சொல்லுவார். கூட்டிப் பெருக்கிய வாசலும், கவாத்து செய்த செடியும், சரியான காகிதங்களும் இருந்தால், 'யோசித்துச் சொல்கிறோம்' என்று நிதானமாகப் பதில் சொல்லும் துணிவு நமக்கு வரும். அந்தத் துணிவோடு விற்கும் வீடுதான் நம் உழைப்புக்கு உரிய விலையைக் கொண்டுவரும்.