படகில் விளக்கு மங்கினால் கோளாறு எங்கே?



இரவு வலைக்குப் போகிற சின்ன பைபர் படகில்கூட இப்போது ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ், விளக்குகள், தண்ணீர் இறைக்கிற பம்பு எல்லாம் வந்துவிட்டன. அத்தனையும் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. "பேட்டரி புதுசு, லைட்டும் புதுசு, ஆனா மங்கலாத்தான் எரியுது" என்ற புலம்பலைக் கேட்காத கடற்கரை இருக்காது. அதற்குப் பலர் கண்டுபிடிக்கிற வழி, இன்னொரு புது லைட் வாங்குவது. அந்தக் காசு பெரும்பாலும் வீண். கெட்டுப்போவது சாமானைவிட அதற்குப் போகிற வயரும் அதன் இணைப்பும்தான்.

மோட்டார் சைக்கிளில் இரும்புச் சட்டமே நெகட்டிவ் வயரின் வேலையைச் செய்துவிடும். பைபர் படகின் உடம்பில் கரண்டு ஓடாது. பேட்டரியிலிருந்து சிவப்பு வயரில் போகிற கரண்டு, கறுப்பு வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆக, பாதையில் சரிபாதி கறுப்பு வயர். கோளாறு என்றால் எல்லோரும் சிவப்பு வயரையே இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். கறுப்பைத் தொடுவதே இல்லை.

பழைய இணைப்பு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். டேப் பிசுபிசுவென்று கையோடு வரும். உள்ளே செம்பு செம்பாக இருக்காது, பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு விரல்கடை தள்ளி வயரை வெட்டினால், உறைக்குள்ளேயும் இழைகள் கறுத்துப் போயிருக்கும். உப்புத் தண்ணீர் இழைகளின் இடுக்கு வழியாக உள்ளே ஏறிவிடுகிறது. பளபளக்கிற செம்பு தெரிகிற வரைக்கும் வெட்டிக் கொண்டே போக வேண்டும். நீளம் போதாவிட்டால் வயரையே மாற்ற வேண்டும். கறுத்த இழையை முறுக்கி மேலே புது டேப் சுற்றுவது, அதே கோளாறை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுகிற வேலை.

சரி, பிரிக்காமலே எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் பேட்டரி. சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் மிச்சம். முதலில் சார்ஜ் போடுங்கள்.

அடுத்து விளக்குப் பக்கம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விளக்கைக் கழற்றிவிட்டு வயர் நுனியில் மீட்டர் வைத்தால் அதே 12.6 காட்டும், வயர் நல்லாத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒரே ஒரு புரியில் தொங்குகிற கயிறும், பாரம் ஏற்றாத வரைக்கும் விறைப்பாகத்தான் நிற்கும். ஆகவே விளக்கு எரிந்து கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். அப்போது 10 வோல்ட் காட்டினால், மீதி வழியிலேயே தொலைகிறது.

தொலைகிற இடத்தைப் பிடிக்க, விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ்விலும், மறுமுனையை விளக்கின் பாசிட்டிவ்விலும் வையுங்கள். காட்டுகிற அளவுதான் சிவப்பு வயர் தின்றுவிட்ட வோல்ட். இதேபோல நெகட்டிவ்விலிருந்து நெகட்டிவ்வுக்கும் பாருங்கள். பிறகு மறுமுனையை ஃபியூஸ், சுவிட்ச், நடு இணைப்பு என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது அளவு எகிறுகிறதோ, அதுதான் கோளாறு. சிறு படகுகளுக்கான அமெரிக்கத் தரவிதி, வழிகாட்டு விளக்குகளுக்குப் போகவும் வரவும் சேர்த்து 3 சதவீத இழப்பைத்தான் அனுமதிக்கிறது. 12 வோல்ட்டில் அது அரை வோல்ட்கூட இல்லை.

இணைப்பெல்லாம் சுத்தமாக இருந்தும் இழப்பு தெரிந்தால், வயர் மெலிசு என்று அர்த்தம். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி அணியத்தில் 5 ஆம்பியர் இழுக்கிற விளக்குக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், ஏறக்குறைய 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் அது 0.36 ஆகக் குறையும். வெள்ளீயம் பூசிய இழை வயர் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். களிம்பு ஏறுவது வெகுவாகக் குறையும். இணைப்பை ஈயத்தால் பற்றவைத்தால், அந்த இடம் விறைத்து, எஞ்சின் அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும். லக் வைத்து இறுக்கமாக அழுத்தி, மேலே பசை உள்ள சுருங்கும் குழாய் போடுவதுதான் கடலுக்குத் தாங்கும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது ஜி.பி.எஸ். அணைந்து அணைந்து வருகிறதா? கருவியைக் குறை சொல்லாதீர்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கிற இழுப்பில் வோல்ட் சரிகிறது. பேட்டரி முனைகளைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். அதற்கும் சரியாகாவிட்டால் ஜி.பி.எஸ்.ஸுக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி வையுங்கள். வயர்லெஸ்ஸில் கரகரவென்று இரைச்சல் வந்தால் எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மட்டமான விளக்குகள் அந்த இரைச்சலைக் கிளப்பும்.

கடைசியாக ஃபியூஸ். அது முக்கியமாகக் காப்பது வயரை. வயர் பழுத்துத் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அது தன்னை எரித்துக் கொள்கிறது. பாசிட்டிவ் வயரில், பேட்டரிக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் அது இருக்க வேண்டும். மாற்றியதும் மறுபடி போனால், மூன்றாவதைப் போடாதீர்கள். ஃபியூஸ் இருக்கிற இடத்தில் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 21 வாட் பல்பை, மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் அது பிரகாசமாக எரியும். சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, கோளாறு அந்த வழியில்தான். எல்லாம் கழற்றியும் எரிந்தால் வயரிலேயே ஷார்ட்.

அவசரத்துக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஃபியூஸ் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எண்ணெய் கேன் பக்கத்திலேயே இருக்கிற, இறங்கி ஓட இடமில்லாத படகு அது. தயவு செய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சரியான ஆம்பியர் ஃபியூஸ் ஐந்தாறு வாங்கி, தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, அடுத்த முறை கடலுக்குப் போகும்போது எடுத்துக் கொண்டு போங்கள்.